மண்ணில் மருந்து கண்ட டாக்டர் சுப்பராவ்

வவுனியாவில் காலபோக மழை தொடங்கிவிட்டால் குளங்கள் நிறையும், வயல்கள் சேறாகும். ஓமந்தையிலும் செட்டிகுளத்திலும் நெடுங்கேணியிலும் விவசாயி அந்தச் சேற்றில் இறங்கியே ஆகவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வாழும் கிருமி, காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியே உடம்புக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். கவனியாமல் விட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கி உயிரையே பறிக்கும். இந்நோய் பரவும் அச்சமுள்ள இடங்களில் சுகாதாரப் பகுதியினர், வயலில் இறங்குவோருக்கு வாரம் ஒருமுறை விழுங்கும்படி டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைக் கொடுப்பதுண்டு.

இன்னொரு பக்கத்தில், தாய்சேய் நல நிலையத்துக்குப் போகும் கர்ப்பிணித் தாயின் கையில் மருத்துவமாது போலிக் அமிலக் குளிசைகளைக் கொடுத்து அனுப்புகிறார். தாய்க்கு இரத்தச்சோகை வராமலும், பிள்ளையின் முள்ளந்தண்டு குறைபாடின்றி உருவாகவும் அது உதவுகிறது.

இந்த இரண்டு மருந்துகளின் வரலாற்றையும் பின்னோக்கித் தேடிச் சென்றால் ஒரே மனிதரிடம் வந்து நிற்போம். அவர் சென்னையிலே கல்வி கற்றவர்; அமெரிக்காவிலே உழைத்தவர்; எம்மில் பலர் பெயர்கூடக் கேட்டறியாதவர். அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ்.

தாயின் நகைகள்

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிலே சுப்பராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. ஏழு பிள்ளைகள் கொண்ட குடும்பம். தந்தையார் நோயினால் வேலையை முன்கூட்டியே விட நேர்ந்ததால் வீட்டில் வறுமை குடிகொண்டது.

படிப்பிலே சுப்பராவ் ஆரம்பத்தில் சிறந்து விளங்கவில்லை. பதின்மூன்று வயதளவில், காசிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்றெண்ணி உறவுப் பையன் ஒருவனோடு வீட்டைவிட்டு ஓடினார். தாய் வெங்கம்மா விடவில்லை. ஆள்விட்டுத் தேடிப் பிடித்துப் பள்ளிக்கூடத்திலே மீண்டும் அமர்த்தினார். தம் நகைகளை விற்றுப் படிப்புச் செலவைச் சமாளித்தார். மெட்ரிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறிய மகன், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கற்கும்போது அவருடைய மனம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மிஷனிலே சேர்ந்து ஏழைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பினார். தாயார் இசையவில்லை. தாயின் சம்மதமின்றி மிஷனும் அவரை ஏற்கவில்லை. மருத்துவம் கற்றும் தொண்டு செய்யலாமே என்ற யோசனை அங்கேயே கிடைத்தது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலே சேர்ந்தார். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் பணம் கொடுத்து உதவினார். பின்னர் அவருடைய மகள் சேஷகிரியையே சுப்பராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் குரலுக்கு நாடு செவிசாய்த்துக் கொண்டிருந்த காலம். சத்திர சிகிச்சை அறையிலே சுப்பராவ் கதர் அங்கி அணிந்து நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையை நன்றாக எழுதியும் அவருக்கு முழுப் பட்டம் கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். என்ற தரம் குறைந்த சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையில் சேர அவர் செய்த முயற்சியும் கைகூடவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் வேலையே வாய்த்தது.

சகோதரர்களைப் பறித்த நோய்

இதற்கிடையில் அந்தக் குடும்பத்தைப் பேரிடி ஒன்று தாக்கியது. சுப்பராவின் சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களைப் பறித்தது ஸ்புரூ என்னும் நோய். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது. வயிற்றோட்டம் ஓயாது. நாக்கு புண்ணாகும், இரத்தம் வற்றும், உடம்பு நாளுக்கு நாள் உருகிப்போகும். எமது நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் நோய்களை ஒத்தது. அக்காலத்து மேனாட்டு மருத்துவத்தில் அதற்குத் தக்க மருந்து இருக்கவில்லை. சுப்பராவையும் அந்நோய் பீடித்தது; ஆயுர்வேத மருந்தினால் அவர் தேறினார்.

தாம் பிழைத்ததும் சகோதரர்கள் மாண்டதும் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வியை விதைத்தன. நோயைத் தீர்க்கும் பொருள் இயற்கையில் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. அது எது, எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கேடு செய்யும் என்பதைச் சோதித்து நிறுவுவது எப்படி? அதைக் கற்கவே அவர் அமெரிக்கா செல்லத் துணிந்தார். மூன்று ஆண்டுகளில் திரும்பி வருவதாக இளம் மனைவியிடம் சொல்லி, மாமனாரின் உதவியோடும் ஓர் அறநிலையத்தின் உதவியோடும் புறப்பட்டார். 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பொஸ்டன் நகரில் போய் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் இரவு வேலை

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பவலய மருத்துவப் பகுதியில் இடம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கோ பணமில்லை. எனவே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலையாளாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவதும் அந்த வேலையில் அடங்கும். டாக்டர் பட்டம் தரித்தவர் அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்தார். பகலில் படித்தார்.

பின்பு உயிர் இரசாயனப் பகுதியில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அங்கே சைரஸ் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையொன்றை 1925இல் வெளியிட்டார். அது இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. தசைகள் இயங்கும்போது சக்தியைச் சேமித்து வழங்கும் பொசுபோகிரியற்றின் என்ற பொருளை 1927இலும், எல்லா உயிர்க்கலங்களும் சக்திக்கு நம்பியிருக்கும் ஏ.ரீ.பி. என்ற பொருளை 1929இலும் இவ்விருவரும் எடுத்துக் காட்டினர். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.ரீ.பி.யைத் தனியாகக் கண்டறிந்தார். 1930இல் சுப்பராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இத்தனை செய்தும் ஹாவார்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்குப் போனார். இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே ஆராய்ச்சிப் பகுதியின் தலைவரானார்.

மார்மைட்டில் இருந்த மர்மம்

அங்கே அவர் முதலில் கைவைத்த பெரும் பணிகளில் ஒன்று சகோதரர்களைக் கொன்ற அந்த நோயோடு தொடர்புடையது.

இதன் முன்கதை பம்பாயிலே தொடங்குகிறது. 1928இல் அங்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பஞ்சாலைகளில் வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகள் கடும் இரத்தச்சோகையால் இறப்பதைக் கண்டார். பலவகை உணவுகளைக் குரங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். எமது வீடுகளில் பாணுக்குப் பூசுகிற மார்மைட், அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். மார்மைட் எதிலிருந்து செய்யப்படுகிறது? ஈஸ்ட் என்னும் மதுவத்திலிருந்து. மதுவமும் பூஞ்சண இனத்தைச் சேர்ந்ததே. பள்ளிப் புத்தகங்கள் பங்கசு என்று குறிப்பிடும் அந்த இனத்திலே ஓர் அரிய மருந்து ஒளிந்திருந்தது.

மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. அது எந்தப் பொருள் என்று பிரித்தெடுத்து, அதன் அமைப்பை அறிந்து, வேண்டிய அளவு செய்யத் தெரியவேண்டும். சுப்பராவின் குழுவினர் ஈரலிலிருந்தும், நுண்ணங்கிகளைப் புளிக்க வைத்த கரைசலிலிருந்தும் அதைப் பிரித்தனர். 1945இல் ஆய்வுகூடத்தில் செயற்கையாகவே செய்து முடித்தனர். அதுவே போலிக் அமிலம். அதை அறிவித்த கட்டுரையில் பதினாறு பேரின் பெயர்கள் இருந்தன. அவற்றின் நடுவே ஒன்றாகச் சுப்பராவின் பெயரும் இருந்தது.

அடுத்த ஆண்டளவில் கியூபாவிலே டொம் ஸ்பீஸ் என்ற மருத்துவர் ஸ்புரூ நோயாளிகளுக்குப் போலிக் அமிலம் கொடுத்தார். மெலிந்து கிடந்தவர்கள் பசியெடுத்து உண்டனர், நாவின் புண் ஆறியது, இரத்தம் ஊறியது. சகோதரர்களை இழந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த பின், அந்நோய்க்கான மருந்து சுப்பராவின் சொந்த ஆய்வுகூடத்திலிருந்தே புறப்பட்டது.

இதே ஆராய்ச்சியிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. போலிக் அமிலத்தைப் போலத் தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் இவர்கள் செய்தனர். அவற்றில் ஒன்றான அமினொப்றெரின் என்பதை டாக்டர் சிட்னி பார்பர் பொஸ்டனில் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 சிறுவர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு, தற்காலிகமாகவேனும், நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை என்பதே இருக்கவில்லை. அந்த வழியில் வந்த மெதொற்றெக்சேற் என்ற மருந்து இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

மண்ணிலே ஒரு பொன்நிறம்

இனி, வயலில் இறங்கும் விவசாயியின் மருந்துக்கு வருவோம்.

1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் பூஞ்சணமொன்றில் பெனிசிலினைக் கண்டார். 1940 தொடக்கம் புளோரியும் செயினும் அதை மருந்தாக்கிக் காட்டினர். ஆயினும் பெனிசிலின் எல்லா நோய்க்கும் ஏற்றதன்று. உண்ணிகளாலும் பேன்களாலும் பரவும் தைபஸ் இனக் காய்ச்சல்கள் அதற்கு அடங்கவில்லை. வேறு பல கிருமிகளும் அடங்கவில்லை. ஒரு பூஞ்சணத்தில் ஒரு மருந்து இருந்தால் மற்றவற்றிலும் இராதா? சுப்பராவ் இதைத் தம் ஆய்வுகூடத்தின் பெரும் பணியாக ஆக்கினார்.

அதற்கு அவருக்குக் கிடைத்த துணைவர் பெஞ்சமின் டகர். தாவர நோய்களையும் பூஞ்சணங்களையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பேராசிரியர். வயது வந்துவிட்டதென்று பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பியவர். எழுபதைத் தாண்டிய அந்த முதியவர் 1944இல் லெடர்லியில் சேர்ந்தார். தமக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் மண் அனுப்பும்படி கேட்டார். பல இடங்களிலிருந்தும் மண் வந்து குவிந்தது.

மண்ணில் எப்படி மருந்து தேடுவது? ஒரு சிட்டிகை மண்ணை நீரில் கலக்கி, அந்த நீரை மேலும் மேலும் ஐதாக்குவார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் கூழைக் கண்ணாடித் தட்டில் உறையவைத்து, அதன்மேல் ஒரு துளியைப் பரப்புவார்கள். சில நாள்களில் தட்டின்மேல் பலநிறப் புள்ளிகள் எழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்ணங்கிக் கூட்டம். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து வேறு தட்டில் வளர்த்து, அதன் அருகே நோய்க்கிருமிகளை விதைப்பார்கள். கிருமி அடர்ந்து வளர்ந்தால் அந்தப் பூஞ்சணத்தால் பயனில்லை. அதைச் சுற்றிக் கிருமி அணுகாத தெளிந்த வட்டமொன்று தோன்றினால், அது ஏதோ ஒரு கொல்லிப் பொருளைக் கசியவிடுகிறது என்று அறியலாம்.

வட்டம் தோன்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பெரும்பாலானவை அடுத்த படியிலே தோற்றுப்போகும். கிருமியைக் கொல்லும் பொருள் சுண்டெலியையும் கொன்றுவிடும். அல்லது உடம்புக்குள் போனதும் வலுவிழந்துவிடும். அல்லது ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட பழைய பொருளாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் சோதித்து, ஆயிரக்கணக்கில் ஒதுக்க வேண்டும். இந்தப் பொறுமையே இந்தக் கலையின் உயிர்.

1945இல் மிசூரி மாநிலப் பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயலிலிருந்து ஒரு மண் வந்தது. 1888 தொடக்கம் பயிர் ஆராய்ச்சிக்கென வைத்திருந்த வயல் அது. அதில் 23ஆம் துண்டு, பசளையே இடாமல் புல் மட்டும் வளர்த்துவந்த துண்டு. அந்த ஏழை மண்ணிலிருந்து பொன்நிறத்தில் ஒரு கூட்டம் எழுந்தது. அதற்கு ஏ-377 என்று இலக்கமிட்டனர். அதைச் சுற்றித் தெளிந்த வட்டம் தோன்றியது. சுண்டெலிகளில் சோதித்தபோது நோய் தீர்ந்தது, எலிகள் பிழைத்தன. ஊசியாக ஏற்றாமல் வாயாலேயே விழுங்கவும் கூடியதாயிருந்தது. பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஒரியோமைசின் என்று பெயரிட்டனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இழையிழையாக வளர்ந்து வித்திகளை உதிர்க்கும் இந்த ஸ்ரெப்ரோமைசிஸ் இனத்தை அக்காலத்தவர் பூஞ்சணங்களின் வரிசையிலே வைத்தனர். பிற்கால ஆராய்ச்சி, இவை பூஞ்சணத்தைப் போல வளரும் பற்றீரியாக்களே என்று காட்டியது. காய்ந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைக்குப் பெரிதும் காரணம் இவைதாம். வன்னி மண்ணிலும் இவற்றின் உறவினர்கள் வாழ்கின்றனர்.

மனிதரில் இம்மருந்தை முதலிற் சோதித்தவர் நியூயோர்க் ஹார்லம் ஆஸ்பத்திரியின் கறுப்பின சத்திர சிகிச்சை நிபுணர் டாக்டர் லூயிஸ் ரைற். 1948 ஜூலை மாதம் ஒரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பல இனக் கிருமிகளை ஒருங்கே அடக்கும் டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. அக்குடும்பத்தில் 1967இல் விற்பனைக்கு வந்த இளைய பிள்ளைதான் டொக்சிசைக்கிளின். 1994இல் இந்தியாவின் சூரத் நகரில் பிளேக் என்று மக்கள் அஞ்சி ஓடியபோது கைகொடுத்தது இந்த டெட்ராசைக்கிளின் இனமே.

ஆயினும் நல்ல மருந்துக்கும் எல்லை உண்டு. இது வளரும் பிள்ளைகளின் பற்களை நிறம் மாற்றும் என்பது பின்னரே தெரியவந்தது. எனவே சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர்கள் இதைப் பொதுவாகத் தவிர்ப்பர். கண்டபடி விழுங்கினால் கிருமிகள் அதற்குப் பழகி வலுப்பெற்றுவிடும். அயலவருக்குக் கொடுத்த குளிசையை நாமும் வாங்கி விழுங்குவது தகாது.

திரும்பாத பயணம்

ஒரியோமைசின் அறிவிக்கப்பட்டு மூன்று வாரங்கள்கூட முழுதாகக் கழியவில்லை. 1948 ஓகஸ்ட் 8ஆம் நாள் இரவு உறங்கப் போன சுப்பராவ் விடிந்தபோது எழவில்லை. மாரடைப்பு. வயது 53. அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மருந்து அமெரிக்க அரசின் அனுமதி பெற்றுக் கடைகளுக்கு வந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து யானைக்கால் நோயின் கிருமியை அழிக்கும் ஹெட்ராசான் வெளிவந்திருந்தது. அம்மருந்து எமது நாட்டின் மேற்கு, தெற்குக் கரையோர மக்களுக்குப் பல்லாண்டுகள் கொடுக்கப்பட்டது. இலங்கையில் யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. 

மூன்று ஆண்டுகளில் வருவேன் என்று சொல்லிப் போனவர் இருபத்தாறு ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. ஒவ்வொரு ஆராய்ச்சி முடியும்போதும் இன்னொன்று காத்திருந்தது. அவர் போனபின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவன் முகத்தைக் கண்டதில்லை. சேஷகிரி அம்மையார் காத்திருந்தே காலம் கழித்தார். அவருடைய துயரத்தை எந்தக் கண்டுபிடிப்பும் ஈடுசெய்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பட்டங்களையும் விளம்பரத்தையும் சுப்பராவ் தேடவில்லை. இந்தியா அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் தபால் முத்திரை வெளியிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1953இல், பூஞ்சணங்களை ஆராய்ந்த ஹெசல்ரின் என்பவர் தாம் கண்ட புதிய பூஞ்சணம் ஒன்றுக்கு சுப்பரோமைசிஸ் என்று அவர் பெயரைச் சூட்டினார். அது வளர்ந்த இடம் எது தெரியுமா? நகரத்துக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் கற்படுக்கை. நோயாளிகளின் பாத்திரங்களைக் கழுவித் தம் வாழ்வைத் தொடங்கிய மனிதருக்கு அது இழுக்கன்று.

போலிக் அமிலமும் டொக்சிசைக்கிளினும் இன்று வவுனியா ஆஸ்பத்திரியில் காசின்றிக் கிடைக்கின்றன. அவற்றுக்கான விலையை வேறு சிலர் எப்போதோ கொடுத்துவிட்டார்கள்: நகைகளை விற்ற ஒரு தாய், காத்திருந்த ஒரு மனைவி, பயனற்றவை என ஆயிரம் தட்டுகளை ஒதுக்கியபின் அடுத்த தட்டையும் கையிலெடுத்த சிலர்.